சிறுவரும் சில்லறையும்

எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு எனத் தொகை காண்பதும் எண்ணுதலே. ஒன்றைப் பற்றி மனத்தில் ஆராய்வதும் எண்ணுதலே. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியமை எத்துணைப் பொருத்தமானது என்பதை, ஆறு தொடக்கம் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்குக் காசு எண்ணக் கற்பிக்க முற்பட்ட காலத்திலேதான் நான் உணர்ந்தேன். மாங்காயை எண்ணுவதற்குக் கண்ணும் விரலும் போதும். காசை எண்ணுவதற்கோ, கண் காண்பதை மனம் மறுக்க வேண்டியிருக்கிறது. கண் ஒன்றைக் காண, மனம் பத்து என்று கொள்ள வேண்டும். கண் ஏழைக் காண, மனம் அவ்வேழும் அந்த ஒன்றிலும் குறைவு எனத் தெளிய வேண்டும். வளர்ந்தோராகிய நமக்கு இது மூச்சு விடுவது போன்ற இயல்பான செயல். குழந்தைக்கு அது ஒரு பெரும் பாய்ச்சல்.

2021ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலேதான் தொடங்கியது. பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் நம் நாட்டு இளைஞர் வாழ்விலே ஒரு தனிப் பருவம். படிப்பும் இல்லை; தொழிலும் இல்லை; ஊரார் கேட்கும் கேள்விகளுக்கு விடையும் இல்லை. அப்பருவத்தை நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்திலே, பதுளை மாவட்டத்தில், கழித்தேன். எரிபொருள் தட்டுப்பாட்டினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த அவ்வாண்டின் நடுப்பகுதியில், பிள்ளைக் காம்பராவின் முன் விறாந்தையிலே மாலை வகுப்பொன்று நடத்துமாறு தோட்டத்துப் பெரியவர் சிலர் என்னைக் கேட்டனர். பதினாறு பிள்ளைகள் வந்தனர். எதனைக் கற்பிக்க வேண்டும் என்று தாய்மாரிடம் வினவினேன். எழுத்து, வாசிப்பு என்று விடை வரும் என எதிர்பார்த்திருந்த எனக்கு அவர்கள் கூறிய விடை வேறாயிருந்தது. “கடைக்கு அனுப்புனா மிச்சக் காசைச் சரியா வாங்கிக்கிட்டு வரணும் தம்பி. மொதல்ல அதைப் படிச்சுக் குடுங்க” என்றார் ஒருவர். மற்றையோர் அதனை ஆமோதித்தனர்.

அவ்வேண்டுகோளின் பின்னணியை விளக்குதல் தகும். தாயும் தந்தையும் மாலைவரை மலையில் நிற்கும் வீடுகளிலே கடைக்குச் செல்பவர் பிள்ளைகளே. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் ஐந்நூறு ரூபாத் தாளொன்று போகிறது. மாவும் சீனியும் தீப்பெட்டியும் மிச்சக் காசும் திரும்பி வருகின்றன. இடையில் நிகழ்வது யாது என்பதை அப்பிள்ளை அறியாது. ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு அத்தாளிலே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. 2021இல் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறு கையில் இருந்தது பாதி நாள் உழைப்பு என்பது விளங்கும்.

முதல் நாளன்று பாயின் மீது ஒரு பக்கம் ஒரு ரூபா நாணயங்கள் ஏழையும், மறுபக்கம் பத்து ரூபா நாணயம் ஒன்றையும் வைத்து, எது கூடியது என்று கேட்டேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சிறிதும் தயங்காது ஏழு நாணயங்களையும் கைக்குள் வாரிக்கொண்டாள். “இதுல ஏழு இருக்குங்க சேர், அதுல ஒன்னுதானே” என்பது அவள் வாதம். அவ்வாதத்திற் குற்றம் காண இயலுமா? அதுவரை அவளுக்குக் கற்பிக்கப்பட்ட எண்ணறிவு முழுவதற்கும் அது முற்றிலும் இணங்கியதே. இன்னொரு சிறுவனோ கடைக்காரரை மிக நல்லவர் எனப் புகழ்ந்தான். காரணம் கேட்டபோது, “நம்ம ஒரு தாள் குடுத்தா, அவரு சாமானும் குடுத்து, நெறையக் காசும் குடுக்குறாரு” என்றான். கொடுத்தது ஒன்று, பெற்றது பல என்னும் அவன் கணக்கின்படி கடைக்காரர் கொடைவள்ளலே ஆவார்.

உளவியலாளர் இந்நிலையை நன்கு ஆராய்ந்துள்ளனர். சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே 1941இல் வெளியிட்ட, குழந்தையின் எண் கருத்துப் பற்றிய நூலில், ஒரே தொகையான பொருள்களை நெருக்கியும் பரப்பியும் வைக்கும்போது சிறு குழந்தைகள் பரந்த வரிசையையே கூடியதாகக் கொள்கின்றனர் என்று காட்டினார். தோற்றத்தை மீறித் தொகையை நிலையாகப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் படிப்படியாகவே வாய்க்கிறது என்பது அவர் கருத்து. 1978இல் றொஷெல் கெல்மன், கலிஸ்ரெல் ஆகிய இருவரும், குழந்தைகள் இதனினும் இளமையிலேயே எண்ணும் நெறிகள் பலவற்றை உள்ளூர அறிந்திருக்கின்றனர் என எடுத்துக்காட்டினர். பொருள் ஒன்றுக்கு எண்ணுப்பெயர் ஒன்று என்பது அந்நெறிகளுள் முதலானது. காசு எண்ணுதல் இடர் தருவது இந்த இடத்திலேதான். குழந்தை அரும்பாடுபட்டுக் கற்ற முதல் நெறியையே காசு முறித்துவிடுகிறது. பொருள் ஒன்றாயிருக்கப் பெயர் பத்தாகிறது. ஆகவே, காசு எண்ணத் தெரியாத பிள்ளையை மந்தம் என்று கொள்வது பொருந்தாது. அப்பிள்ளை கற்றதைச் சரியாகக் கற்றிருக்கிறது என்பதே உண்மை.

நாணயங்களின் உருவமும் குழந்தைக்கு எப்பொழுதும் துணைபுரிவதில்லை. 1984இல் நம் நாட்டிலே இரண்டு ரூபா, ஐந்து ரூபா நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றுள் இரண்டு ரூபா நாணயம் ஐந்து ரூபா நாணயத்திலும் அகலமானது. பெரியது கூடியது எனக் கொள்ளும் பிள்ளை இங்கே வழுக்கி விழுகிறது. இது புதிய குறையுமன்று. என் பாட்டியார் தகரப் பேணியொன்றிலே பழைய சில்லறைகளைச் சேர்த்து வைத்திருந்தார். வகுப்புக்கென அதனை இரவல் பெற்றேன். அதிலிருந்த பத்துச் சத நாணயம் இருபத்தைந்து சத நாணயத்திலும் அகலமாயிருந்தது. ஆயினும் அப்பழைய நாணயங்களுக்கு ஒரு நற்பண்பு இருந்தது. ஐந்து சதம் சதுர வடிவானது; இரண்டு சதமும் பத்துச் சதமும் விளிம்பு வளைந்து பூவிதழ் போன்றவை; இருபத்தைந்தும் ஐம்பதும் வட்டமானவை. எழுத்தறியாதவரும் இருளில் விரலாற் தடவி இன்னதெனக் கூறலாம். பாட்டியார் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பெயர் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தனர். சதுரக் காசைத் தமக்கே தரும்படி இரந்து நின்றவர் பலர்.

அப்பேணியைப் பற்றிய பேச்சிலே மற்றொன்றும் வெளிப்பட்டது. சதம் என்றால் என்ன என்று கேட்டேன். ‘கிரிக்கெற்றில் நூறு ஓட்டம்’ என்று விடை வந்தது. ரூபாவின் நூறிலொரு பங்கை அச்சொல் குறித்தது என்பதை அவர்கள் கேட்டதேயில்லை. சதம் என்ற வடசொல்லின் மூலப்பொருள் நூறு; நாணய வழக்கில் அது நூறிலொன்று ஆயிற்று; இன்று சிறுவர் வாயில் மீண்டும் நூறாகிவிட்டது. இலங்கை 1872இலேயே ரூபாவை நூறு சதமாகப் பகுக்கும் தசம முறையைக் கைக்கொண்டது. பதினாறு அணாவையும் அணாவுக்குப் பன்னிரண்டு பையையும் வைத்துக் கணக்கிட்டு வந்த இந்தியா 1957இலும், பவுணுக்கு இருநூற்று நாற்பது பென்ஸ் என்று கணக்கிட்டு வந்த பிரித்தானியா 1971இலுமே இம்முறைக்கு மாறின. ஆண்ட நாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே ஆளப்பட்ட நாட்டின் பிள்ளைகள் பத்துப் பத்தாக எண்ணும் எளிமையைப் பெற்றுவிட்டனர் என்பது வியப்புக்குரியது. அச்சதம் இன்று கைப்புழக்கத்தில் இல்லை. நம் முன்னோர் எண்சுவடியிலே மனனம் செய்த மா, காணி, முந்திரி ஆகிய கீழ்வாயிலக்கங்கள் சென்ற இடத்துக்கே அதுவும் சென்றுவிட்டது. இருபதிலொன்றும் எண்பதிலொன்றும் முந்நூற்றிருபதிலொன்றும் திண்ணைப் பள்ளிச் சிறுவரின் நாவில் நின்ற காலம் ஒன்று இருந்தது. அவை வெறும் சுமையாயிருக்கவில்லை. நெல்லையும் நிலத்தையும் பொன்னையும் பங்கிட அவை வேண்டப்பட்டன. வேண்டியதையே பிள்ளை கற்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

மொழியும் சில இடங்களிலே குழந்தையின் காலை இடறுகிறது. எண்பத்தொன்பது வரை தடையின்றி ஓடிவந்த பிள்ளைகள் அதற்கப்பால் நின்றுவிட்டனர். ஒருவன் ‘ஒன்பது பத்து’ என்றான். தொண்ணூறு என்று சொல்லிக் கொடுத்தபோது, அது நூறிலும் பெரியதா என்று கேட்டான். அவன் ஐயம் நியாயமானதே. இருபது, முப்பது, நாற்பது எனப் பத்தின் ஒலியைச் சுமந்து வந்த வரிசையிலே தொண்ணூறு மட்டும் நூறின் ஒலியோடு வந்து நிற்கிறது. தொள்ளாயிரமும் அத்தகையதே. தொல்காப்பியர் ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆகும் விதியைக் குற்றியலுகரப் புணரியலில் வகுத்திருக்கிறார். அவ்விதி பல்கலைக்கழக மாணாக்கருக்கு உதவும். ஆறு வயதுச் சிறுவனுக்கு உதவாது. அவனுக்கு உதவியது பத்து ரூபா நாணயங்கள் ஒன்பது. அவற்றை வரிசையாக அடுக்கி, அவன் சொன்ன ஒன்பது பத்தையும் அங்கே காட்டி, அதற்குப் பக்கத்தில் நூறு ரூபாத் தாளை வைத்து, இன்னும் ஒரு நாணயம் வேண்டும் எனக் காட்டியபோது அவன் ஐயம் தீர்ந்தது. சொல் மறைத்ததைக் காசு காட்டிற்று.

கற்பித்த முறையைச் சுருங்கக் கூறுகிறேன். இதனைச் செய்ய விரும்புவோர்க்குப் பயன்படக் கூடும். முதலில் எண்ணும் வேலையையே விட்டுவிட்டு மாற்றும் வேலையைத் தொடங்கினோம். பிள்ளைகளுள் ஒருவர் வங்கியாக அமர்வார். ஏனையோர் ஒரு ரூபா ஐந்தைக் கொடுத்து ஐந்து ரூபா ஒன்றைப் பெறுவர். ஐந்து ரூபா இரண்டைக் கொடுத்துப் பத்து ரூபா ஒன்றைப் பெறுவர். பின்னர் அதனையே திருப்பிக் கொடுத்துச் சில்லறையாகப் பெறுவர். கொடுத்ததும் பெற்றதும் ஒன்றே என்பது நாலைந்து நாட்களிலே கைக்குப் பழகியது. முதல் நாள் ஏழு நாணயங்களை வாரிக்கொண்ட சிறுமியே நான்காம் நாள் வங்கியாக அமர்ந்து, நான்கு ரூபாவுக்கு ஐந்து ரூபா கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பினாள்.

அடுத்து, பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி எண்ணும் பழக்கம். கலந்து கிடக்கும் காசைக் கண்டவாறே எண்ணினால் மனம் குழம்பும். வகை பிரித்து, தாளை முதலிலும் சிறு நாணயத்தை இறுதியிலும் எண்ணினால் தொகை தானாகவே வளரும். இருபது ரூபாத் தாள் பிள்ளைகளுக்குச் சற்று இடர் தந்தது. ஐந்து இருபது நூறு என்பதைப் பாட்டுப் போலப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவதாக, மிச்சக் காசு. பாடசாலையிலே கழித்தல் என்று கற்பிப்பது கடையிலே கழித்தலாக நிகழ்வதில்லை. 200இலிருந்து 130ஐக் கழிக்கச் சொன்னால், பூச்சியத்திலிருந்து மூன்று போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்று தொடங்குகிறோம். கடைக்காரர் எவரிடமும் கடன் வாங்குவதில்லை. நூற்று முப்பது என்று சொல்லிச் சாமானை வைக்கிறார். இருபது ரூபாவை வைத்து நூற்றைம்பது என்கிறார். ஐம்பது ரூபாவை வைத்து இருநூறு என்கிறார். கணக்கு முடிந்தது. அவர் செய்தது ஏறிச் செல்லும் கூட்டலே. அம்முறையைப் பிள்ளைகள் ஒரே மாலையில் கற்றுக்கொண்டனர்.

இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலுள்ள தூரம் நம் தோட்டத்துக்கு மாத்திரம் உரியதன்று. 1985இல் பிரேசில் நாட்டிலே தெரெசீனா கராகெரும் அவர்தம் துணையாய்வாளர் இருவரும் றெசீஃபே நகரச் சந்தையிற் பொருள் விற்ற ஐந்து சிறுவரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை கல்வியுலகில் நன்கு அறியப்பட்டது. சந்தையில் வாடிக்கையாளராக நின்று கேட்ட கணக்குகளுக்கு அச்சிறுவர் 98 சதவீதத்துக்கு மேல் சரியாக விடையளித்தனர். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது சரியான விடைகள் 37 சதவீதமளவிலேயே நின்றன. 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் கொல்கத்தா, டில்லிச் சந்தைச் சிறுவரை ஆராய்ந்து நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வும் இதனையே உறுதிசெய்தது. அன்றியும், பள்ளிக் கணக்கில் வல்ல பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுகின்றனர் என்ற மறுபக்கத்தையும் அது காட்டிற்று.

நான் கண்டதும் இத்தகையதே. ஆயிரத்தில் அரைவாசி எவ்வளவு என்று வகுப்பிலே கேட்டேன். அமைதி நிலவியது. தோட்டத்திலே குறித்த நிறை கொழுந்து பறியாதவருக்கு அரைநாள் வேலையே பதியப்படும். அதனை ‘அரைப்பேர்’ என்பது வழக்கு. ‘அரைப்பேர் போட்டா அம்மாவுக்கு எவ்வளவு?’ என்று கேள்வியை மாற்றினேன். எட்டு வயதினர் பலர் ஒருமித்து ‘ஐந்நூறு’ என்றனர். அவர்களுக்கு அரைவாசி தெரியாதிருக்கவில்லை. அவர்கள் அறிந்த அரைவாசிக்கு வேறு பெயர் இருந்தது. அப்பெயரில் வீட்டின் ஏமாற்றமும் கலந்திருந்தது.

இவ்வகுப்பைப் பற்றி மாற்றுக் கருத்துடையோரும் இருந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியப் பெரியார் ஒருவர், பால்மணம் மாறாப் பிள்ளைகளுக்குக் காசைப் பற்றிக் கற்பிப்பது அவர்தம் நெஞ்சில் ஆசையை விதைப்பதாகும் என்றார். அவர் கூற்றை நான் எளிதில் ஒதுக்கிவிடவில்லை. எதற்கும் விலை கேட்கும் மனம் விரும்பத்தக்கதன்று. ஆயினும், காசை அறியாதிருக்கும் பேறு அப்பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. காசு அவர்கள் கையில் நாள்தோறும் இருக்கிறது. அதன் கணக்கு மட்டுமே பிறர் கையில் இருக்கிறது. ஆசை வளர்வதற்குக் கணக்கறிவு வேண்டியதில்லை. ஏமாறாதிருப்பதற்கே அது வேண்டும்.

மலையக மக்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் வழிச்செலவையும் முற்பணத்தையும் கடனாகச் சுமந்தே தோட்டத்திற் கால் வைத்தனர். கங்காணிக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டின், அவர்கள் பெயரிலுள்ள கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ எனும் தாள் வேண்டப்பட்டது. அத்துண்டில் எழுதிய இலக்கத்தை எழுதியவரும் ஏற்றவரும் வாசித்தனர். அதனால் கட்டுண்டவர் வாசிக்கவில்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று மாதந்தோறும் கையில் வரும் சம்பள விபரத்தையும் நாம் ‘சம்பளத் துண்டு’ என்றே அழைக்கிறோம். சேமலாப நிதிக்கு இவ்வளவு, முற்பணத்துக்கு இவ்வளவு எனக் கழிவுகள் வரிசையாக நிற்கும் அத்தாளைப் பார்த்து, இறுதி இலக்கத்தை மட்டும் நம்பிப் பெற்றுச் செல்வோர் இன்னும் உளர். விறாந்தையில் ஐந்து ஒரு ரூபாவை ஓர் ஐந்து ரூபாவாக மாற்றிய விளையாட்டு இத்துண்டு வரை நீளும் பாதையின் முதலடி என்றே நான் கருதினேன்.

அந்தப் பாதையும் அத்துணை எளிதன்று என்பதை ஒரு தாய் எனக்கு உணர்த்தினார். மேலே குறிப்பிட்ட சிறுமியின் தாயே அவர். ஒருநாள் வகுப்பு முடியுந் தறுவாயில் வந்து, ஓரமாக நின்று, மெல்லிய குரலிலே, “தம்பி, எண்ணப் படிச்சுக் குடுக்கிறது நல்லதுதான். ஆனா கடைக்காரர் முன்னாடியே நின்னு எண்ணச் சொல்லாதீங்க. நாங்க சந்தேகப்படுறோம்னு நெனைச்சுக்குவாரு. மாசக் கடைசியில மாவும் பருப்பும் கடனுக்குத் தர்றது அவருதானே” என்றார்.

இக்கூற்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. காசோடு கடை வரும் ஒருவர் மிச்சத்தை எண்ணிப் பார்ப்பது உரிமை; கடனோடு வரும் ஒருவர் எண்ணிப் பார்ப்பது அவமதிப்பாகக் கருதப்படலாம். வறியவர்க்குக் கணக்கறிவும் ஓர் இடர்தான் போலும். பாடநூல்களில் வரும் கடைக்காரருக்கு முகம் இல்லை. நம் பிள்ளைகள் எதிர்கொள்ளும் கடைக்காரருக்கு முகமும் மனமும் கடன் கொப்பியும் உண்டு. அத்தாயின் அச்சத்தை அறியாமை என்று தள்ளியிருந்தால் என் வகுப்பே பொருளற்றதாயிருக்கும்.

ஆகவே பிள்ளைகளுக்கு வேறொரு பழக்கத்தைக் கற்பித்தோம். வாங்கும்போது எண்ணுவதன் முன், கொடுக்கும்போது எண்ணுதல். கடையிலே காசைக் கசக்கி நீட்டாமல், ஒவ்வொரு தாளாக மேசையில் வைத்து, வாய்விட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும். கொடுப்பதை எண்ணிக் கொடுக்கும் பிள்ளை, பெறுவதையும் எண்ணிப் பெற்றால் எவரும் குறையாகக் கொள்ளார். அது அப்பிள்ளையின் ஒழுங்கு என்றே கொள்வர். இதனைத் தாய்மாரிடம் கூறியபோது, அங்கிருந்த முதியவள் ஒருத்தி, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியைச் சொல்லிச் சிரித்தாள். அதன் பின்னர் மறுப்பு எழவில்லை. இரு வாரங்கள் சென்றபின், கடைக்காரரும் மிச்சக் காசைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைக்கத் தொடங்கியிருந்தார். நாணயம் என்ற சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது அக்கடை மேசையருகே எனக்கு நினைவுக்கு வந்தது.

மாத இறுதியிலே அந்த வீட்டிற்குச் சென்றிருந்தேன். சிறுமியின் தமக்கை ஆறாம் தரத்திற் படிப்பவள். தங்கை கடன் கொப்பியிலுள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்க, தமக்கை கூட்டிக்கொண்டிருந்தாள். தாய் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமுறை கூட்டினர். கடைக்காரர் எழுதியிருந்த தொகையும் அவர்கள் கண்ட தொகையும் ஒரு ரூபாவும் வேறுபடாது ஒத்திருந்தன. கணக்கிற் பிழையில்லை என்று அறிந்ததும் நான் ஆறுதல் அடைந்தேன். தாயோ சிறிது நேரம் பேசாதிருந்து, “இத்தனை வருசமாச் சரின்னு நம்பிக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் சரின்னு தெரியுது” என்றார்.

நம்பிக்கைக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. கொப்பியில் மாற்றம் ஏதும் இல்லை. கொடுக்க வேண்டிய தொகையும் குறையவில்லை. ஆயினும் அவ்விலக்கம் அதுவரை அயலாருடையதாயிருந்தது. அன்று மாலை அந்த வீட்டுக்கு உரியதாயிற்று.

மற்றொரு பாடத்தை எமக்கு அவ்வாண்டே கற்பித்தது. விறாந்தையிலே வெற்றுப் பெட்டிகளும் உறைகளும் கொண்டு விளையாட்டுக் கடையொன்று வைத்திருந்தோம். விலைகளைச் சுண்ணக்கட்டியால் எழுதுவோம். கற்பனை விலைகளைப் பிள்ளைகள் ஏற்பதில்லை. “சவுக்காரம் இப்ப அந்த வெல இல்லீங்க சேர்” என்று திருத்துவர். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. இவ்விலக்கங்கள் எல்லாம் எங்கள் விறாந்தைக்கு வந்து சேர்ந்தன. வாரந்தோறும் விலைகளை அழித்து எழுதினோம். “காசுல போட்டிருக்கிற நம்பர் மாறவே இல்லையே, வெல மட்டும் ஏன் சேர் மாறுது?” என்று ஒருவன் வினவினான். பொருளியல் மாணாக்கர் பரீட்சை மண்டபத்திலே பல பக்கம் விடை எழுதும் வினா அது. நான் அவனுக்கு நூறு ரூபாத் தாள் ஒன்றைக் காட்டி, போன மாதம் இதற்கு எத்தனை பிஸ்கற் பக்கற்று, இந்த மாதம் எத்தனை என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப காசு சுருங்கிப் போச்சு” என்றான். அவ்விடையிலே திருத்துவதற்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் அவ்வகுப்பை என் தங்கை சிறிது காலம் நடத்தினாள். விடுமுறையில் ஊர் செல்லும் நம்மவருக்கு இத்தகைய வகுப்பொன்றைத் தொடங்குவது அரிய காரியமன்று. பை ஒன்றிலே ஐம்பது, அறுபது நாணயங்கள், சில தாள்கள், வெற்றுப் பெட்டிகள், சுண்ணக்கட்டி ஆகியவை போதும். பாடநூலின் விலைகளை விட்டுவிட்டு அன்றைய கடையின் விலைகளைக் கொள்ள வேண்டும். பிள்ளை அறிந்த அரைவாசிக்கு வீட்டில் என்ன பெயர் வழங்குகிறது என்று முதலிற் கேட்டறிய வேண்டும். தாய்மாரின் அச்சங்களைப் பொறுமையோடு செவிமடுக்க வேண்டும். ஒரு மாத விடுமுறையிலே பத்துப் பிள்ளைகள் மிச்சக் காசை எண்ணி வாங்கக் கற்பர். அவர்களுள் ஓரிருவர் கடன் கொப்பியைக் கூட்டுவர். காலப்போக்கில் சம்பளத் துண்டை வாசிப்பர். எண்ணத் தெரிந்த கை எளிதில் ஏமாற்றப்படுவதில்லை. தான் பிறரை நம்புவதற்கும் அது அஞ்சுவதில்லை.